சுவிட்சின் நிர்வாக வாசலைப் பூட்டுவது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் வலையமைப்புச் சுவிட்ச். புதிதாக வாங்கிய சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்து, ரேக்கில் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, கேபிள்களைச் செருகினால் அது உடனே வேலை செய்யத் தொடங்கிவிடும். யாரும் அதற்குள் நுழைந்து ஒரு கட்டளையைக்கூடத் தட்டச்சிட வேண்டியதில்லை. கணினிகளுக்கு இணையம் வந்துவிட்டது, அச்சுப்பொறியும் இயங்குகிறது என்றானதும் எல்லோரும் அந்தப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். அதன் அமைப்புகளை மாற்றுவதற்கான நிர்வாக வாசல் ஆண்டுக்கணக்கில் தாழ்ப்பாள் போடாமலே கிடக்கிறது. அந்த வாசல் வழியே ஒருவர் நுழைந்துவிட்டால், கணக்குப் பிரிவின் போர்ட்டில் (கேபிள் செருகும் துளை) போய்வரும் தரவின் நகலைத் தன் போர்ட்டுக்குத் திருப்பிவிட முடியும்; ஒரு கணினியை ஒரு விலேனிலிருந்து (ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி வலை) வேறொன்றுக்கு மாற்ற முடியும்; மனம் வைத்தால் முழு அலுவலகத்தையும் ஒரே கட்டளையில் முடக்கவும் முடியும். கணினிகளில் நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருள் எதுவும் இதைக் கவனிக்கப் போவதில்லை.

இந்தக் கட்டுரைக்குச் சிஸ்கோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் 2960 வகை சுவிட்சை எடுத்துக்கொள்கிறேன். பயிற்சிக் கூடங்களிலும் சிறிய அலுவலகங்களிலும் இன்றும் பரவலாகக் கிடக்கும் பெட்டி அது. இதில் கற்றது, கட்டளைகளின் வடிவம் மாறினாலும், பிற நிறுவனங்களின் சுவிட்சுகளுக்கும் பெரிதும் பொருந்தும். கட்டளைகளை ஒலிப்பைக் கொண்டு தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை அடியுங்கள். அங்கே வரக்கூடிய சொற்களைச் சுவிட்சே பட்டியலிட்டுக் காட்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இதில் புதியவர்கள் கட்டளை தெரியாமல் தடுமாறுவது குறைவு. கட்டளைகளை முன்பின்னாக இட்டு, தாங்களே வெளியில் மாட்டிக்கொள்வதுதான் அதிகம். எனவே கீழே சொல்லப்படும் வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் படி: கன்சோல் வழியே நுழைதல்

சுவிட்சோடு வரும் வெளிர்நீலத் தட்டைக் கேபிளின் ஒரு முனை கன்சோல் போர்ட்டில் (சுவிட்சை நேரடியாக அமைப்பதற்கான துளை) செருகப்படும். மறுமுனை ஒன்பது ஊசி கொண்ட பழைய சீரியல் இணைப்பு. இன்றைய மடிக்கணினிகளில் அந்த இணைப்பு இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்று தேவைப்படும். புட்டி போன்ற, கட்டளைகளைத் தட்டச்சிட உதவும் மென்பொருளில் வேகம் 9600, தரவு பிட்டுகள் 8, பேரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1, ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என அமைத்துக்கொள்ளுங்கள். திரையில் எழுத்துகள் வருகின்றன, ஆனால் நீங்கள் அடிப்பது மட்டும் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் ஃப்ளோ கன்ட்ரோல் வன்பொருள் முறையில் விடப்பட்டிருக்கும். இதற்காகக் கேபிளை மாற்றி மாற்றி அரைநாளைத் தொலைத்தவர்கள் உண்டு.

தொடக்க உள்ளமைவு (சுவிட்சின் அமைப்புகள்) உரையாடலுக்குள் போக வேண்டுமா எனச் சுவிட்ச் கேட்டால் வேண்டாம் என்று பதில் தாருங்கள். பிறகு எனேபிள் என்று அடித்தவுடன், வரியின் இறுதியிலிருந்த கோணக்குறி மாறி எண்குறியாகும். எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளமைவே இல்லாத சுவிட்சின் கன்சோலில் கேபிளைச் செருகும் எவரும் இந்த நொடியில் முழு அதிகாரம் பெற்றவர்.

இரண்டாம் படி: கடவுச்சொல்லும் அது சேமிக்கப்படும் விதமும்

உள்ளமைவு நிலைக்குள் சென்று முதலில் ஹோஸ்ட்நேம் கட்டளையால் சுவிட்சுக்கு ஒரு பெயர் வையுங்கள். இது பின்னால் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து மறையாக்கத்தோடு நுழையும் முறை) அமைக்கும்போது தேவைப்படும். அடுத்து எனேபிள் சீக்ரெட் என்ற கட்டளையால் உயர்நிலைக் கடவுச்சொல்லை அமையுங்கள். எனேபிள் பாஸ்வேர்ட் என்று இன்னொரு பழைய கட்டளையும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். இரண்டும் இருந்தால் சீக்ரெட்தான் செல்லும் என்றாலும், பாஸ்வேர்ட் கட்டளையில் இட்டது உள்ளமைவில் படிக்கத்தக்க எழுத்தாகவே கிடக்கும்.

சர்வீஸ் பாஸ்வேர்ட் என்க்ரிப்ஷன் என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அதைப் போட்டால் எல்லாம் மறைந்துவிடுமே என்று சிலர் சொல்வார்கள். அது தருவது 7ஆம் வகை மறைப்பு. அதன் திறவுகோல் பல ஆண்டுகளுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மறைப்பை இணையத்தில் கிடைக்கும் எந்தக் கருவியும் ஒரு நொடியில் பழைய சொல்லாக மாற்றிக் காட்டிவிடும். உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பவரைத் தடுப்பதைத் தவிர அதற்கு வேறு பயனில்லை. அந்த அளவுக்காக மட்டும் அதைப் போட்டு வையுங்கள்.

சீக்ரெட் கட்டளை பழைய மென்பொருளில் 5ஆம் வகையைப் பயன்படுத்துகிறது. எம்டி5 என்ற கணித முறையில், உப்பு எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்துக் குழைத்த இதை நேராகத் திருப்ப முடியாது, ஆனால் இன்றைய கணினிகளின் வேகத்துக்கு எளிய சொற்களை ஊகித்துவிடலாம். புதிய பதிப்புகளில் அல்காரிதம் டைப் எஸ்கிரிப்ட் என்று இடையில் சேர்த்தால் 9ஆம் வகை கிடைக்கும்; உங்கள் சுவிட்ச் அதை ஏற்குமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் வகை என்று ஏதேனும் பழைய உள்ளமைவில் கண்டால் உடனே மாற்றிவிடுங்கள்: உப்பும் பலமுறைக் குழைப்பும் இருக்க வேண்டிய அந்த முறை, நிரலாக்கப் பிழையால் இரண்டும் இல்லாமல் வெளிவந்தது; 2013இல் அது தெரிய வந்ததும் சிஸ்கோவே அதைக் கைவிட்டது.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். கடவுச்சொல்லில் கேள்விக்குறி வைக்காதீர்கள். அதை அடித்தால் சுவிட்ச் உதவிப் பட்டியலைத்தான் காட்டும். வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளியும் கடவுச்சொல்லின் பகுதியாகிவிடும். மறுநாள் சரியான சொல்லை அடித்தும் சுவிட்ச் ஏற்காததன் மர்மம் பல நேரங்களில் இதுதான்.

மூன்றாம் படி: ஆளுக்கொரு கணக்கு

எல்லோரும் அட்மின் என்ற ஒரே பெயரில் நுழையும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. நள்ளிரவில் ஒரு போர்ட் மூடப்பட்டிருந்தால் அதை மூடியது யார் என்று பதிவேட்டில் தெரிய வேண்டும். யூசர்நேம் கட்டளையில் ஒவ்வொருவருக்கும் தனிப்பெயர் கொடுத்து, அங்கும் பாஸ்வேர்ட் என்பதற்குப் பதில் சீக்ரெட் என்றே எழுதுங்கள். பிறகு லைன் கன்சோல் 0 என்ற பகுதிக்குள் சென்று லாகின் லோக்கல் என்று இடுங்கள். இனி கன்சோலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

அதே இடத்தில் எக்ஸெக் டைம்அவுட் 5 0 என்றும் இடுங்கள். எதுவும் தட்டாமல் 5 நிமிடம் கடந்தால் அமர்வு தானாக முடிந்துவிடும். இயல்பாக இது 10 நிமிடம். பயிற்சிக் கூடங்களில் தொந்தரவாக இருக்கிறதென்று 0 0 என்று போடச் சொல்லித் தருவார்கள். அதன் பொருள் அமர்வு ஒருபோதும் முடியாது என்பது; நிர்வாகி உணவருந்தப் போன பிறகும் அவர் திறந்துவைத்த கதவு திறந்தேயிருக்கும். அந்தப் பழக்கத்தைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான்காம் படி: நிர்வாகத்துக்குத் தனி விலேன்

சுவிட்சின் எல்லாப் போர்ட்களும் பிறக்கும்போதே விலேன் 1இல் இருக்கின்றன. சுவிட்சின் ஐபி முகவரியையும் அங்கேயே வைத்தால், வரவேற்பறையில் மடிக்கணினியைச் செருகும் விருந்தினரும் நிர்வாக வாசலின் முன் வந்து நிற்பார். ஆகவே 99 என்றோ உங்களுக்கு வசதியான வேறெண்ணிலோ தனி விலேன் ஒன்றை உருவாக்கி, இன்டர்ஃபேஸ் விலேன் 99 என்பதில் ஐபி முகவரியைக் கொடுத்து, ஐபி டிஃபால்ட் கேட்வேயையும் (வேறு வலைகளுக்குப் போகும் வழி) குறிப்பிடுங்கள். அந்த விலேனைச் சேர்ந்த போர்ட் ஒன்றாவது இயங்கிக்கொண்டிருந்தால்தான் அந்த முகவரி உயிர்பெறும். எல்லாம் சரியாக எழுதியும் பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகவில்லையே என்று திகைப்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: டெல்நெட்டை விட்டு எஸ்எஸ்எச்சுக்கு

தொலைவிலிருந்து நுழையும் பழைய முறையான டெல்நெட் ஏன் கூடாது என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும். பயிற்சிக்கான சுவிட்ச் ஒன்றில், வலையில் போய்வரும் தரவைப் பதிவுசெய்யும் வயர்ஷார்க்கை ஓடவிட்டு டெல்நெட் வழியே நுழைந்து பாருங்கள். பிறகு பதிவான பொட்டலங்களில் ஒன்றைத் தேர்ந்து அந்த உரையாடலை முழுவதுமாகக் காட்டச் சொன்னால், உங்கள் பயனர் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் இரண்டிரண்டாகத் தெரியும்: நீங்கள் அனுப்பியது ஒன்று, திரையில் காட்டுவதற்காகச் சுவிட்ச் திருப்பி அனுப்பியது ஒன்று. அடுத்த வரியில் எழுத்துகள் ஒற்றை ஒற்றையாக வரும். சுவிட்ச் திரும்பக் காட்டாத அந்தச் சொல்தான் உங்கள் கடவுச்சொல். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் இப்படிக் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகுதான் தாட்டு யுலோனென் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார்.

எஸ்எஸ்எச்சுக்கு மூன்று முன்தேவைகள்: இயல்பான பெயரல்லாத ஒரு ஹோஸ்ட்நேம், ஐபி டொமைன் நேம் கட்டளையில் ஒரு டொமைன் பெயர், மறையாக்கத்துக்கான ஓர் ஆர்எஸ்ஏ சாவி. கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ மாட்யுலஸ் 2048 என்ற கட்டளை சாவியை உருவாக்கும். பழைய பெட்டிகளில் ஓரிரு நிமிடங்கள்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். கிரிப்டோ என்ற சொல்லையே சுவிட்ச் அறியவில்லை என்றால், அதில் உள்ள மென்பொருள் கோப்பின் பெயரில் கே9 என்ற குறி இருக்காது. மறையாக்கம் இல்லாத பதிப்பு அது, முதலில் அதை மாற்ற வேண்டும். பிறகு ஐபி எஸ்எஸ்எச் வெர்ஷன் 2 என்று இடுங்கள். இதை விட்டுவிட்டால், குறைபாடுகளுள்ள முதல் பதிப்பையும் சேர்த்து ஏற்கும் 1.99 என்ற நிலையில் சுவிட்ச் நிற்கும்.

அடுத்து வருவதுதான் நான் அதிகம் காணும் ஓட்டை. தொலைவிலிருந்து நுழைபவர்களுக்காகச் சுவிட்சில் விடிஒய் எனப்படும் 16 மெய்நிகர் கம்பிகள் உள்ளன. 0 முதல் 15 வரை எண்ணப்படும். பழைய கருவிகளில் ஐந்தே இருந்ததால், உள்ளமைவில் 0 முதல் 4 வரை ஒரு பத்தியாகவும் 5 முதல் 15 வரை வேறொரு பத்தியாகவும் பிரிந்து தெரியும். பலரும் முதல் பத்தியை மட்டும் கவனமாகப் பூட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். இரண்டாவதில் யாரோ எப்போதோ அமைத்த டெல்நெட்டும் எளிய கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். முதல் ஐந்து கம்பிகளும் பிடிக்கப்பட்டிருக்கும்போது ஆறாவதாக வருபவர் நேராக அந்தப் பூட்டாத பகுதியில் இறங்குவார். எனவே லைன் விடிஒய் 0 15 என்று மொத்தமாகத் திறந்து, டிரான்ஸ்போர்ட் இன்புட் எஸ்எஸ்எச், லாகின் லோக்கல், எக்ஸெக் டைம்அவுட் 5 0 ஆகிய மூன்றையும் இடுங்கள்.

சுவிட்ச் மிகப் பழையதாக இருந்தால், உங்கள் கணினியில் உள்ள புதிய ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஸ்எச் வழியே நுழையும் மென்பொருள்) அதனோடு பேச மறுக்கலாம். பழைய சாவிப் பரிமாற்ற முறை ஒன்றை 2015இல் வந்த 7.0 பதிப்பும், எஸ்எச்ஏ1 என்ற பழைய கையொப்ப முறையை 2021இல் வந்த 8.8 பதிப்பும் இயல்பாக நிறுத்திவிட்டன. அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும் உங்கள் கணினியில் விலக்கு எழுதலாமே தவிர, இதைக் காரணம் காட்டி டெல்நெட்டுக்குத் திரும்பக் கூடாது.

ஆறாம் படி: யார் எங்கிருந்து வரலாம்

கடவுச்சொல் சரியாக இருந்தாலும் நிர்வாகிகளின் கணினிகளிலிருந்து மட்டுமே நுழைய முடிய வேண்டும். யாரை அனுமதிப்பது என்ற அணுகல் பட்டியலை உருவாக்க, அக்சஸ் லிஸ்ட் 10 பெர்மிட் எனத் தொடங்கி நிர்வாக வலையின் முகவரியை எழுதி, விடிஒய் பகுதியில் அக்சஸ் கிளாஸ் 10 இன் என்று பொருத்த வேண்டும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. தொலைவிலுள்ள கிளை ஒன்றின் சுவிட்சில் ஒரு மாலையில் இந்த வேலையைச் செய்தேன். அணுகல் பட்டியலில் தலைகீழ் மாஸ்க்காக (முகவரியின் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் எண்) 0.0.0.255 என்று எழுத வேண்டிய இடத்தில், கை பழகிய வேகத்தில் 255.255.255.0 என்று எழுதிவிட்டேன். சுவிட்ச் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது; கடைசி எண் 0 என முடியும் முகவரிகளை மட்டும் அனுமதி என்பது அதன் பொருள். என் அமர்வு அறுபடவில்லை. ஏனெனில் அக்சஸ் கிளாஸ் புதிதாக வரும் இணைப்புகளை மட்டுமே சோதிக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற்றாது. எல்லாம் நலம் என்று சேமித்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி நுழைய முயன்றபோது என் கணினிக்கே அனுமதி இல்லை. மறுநாள் விடியற்காலை கன்சோல் கேபிளோடு பேருந்து ஏறியதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களை விடுவதில்லை. ஒன்று, மாற்றம் செய்த சாளரத்தை மூடாமல் இரண்டாவது சாளரத்தில் புதிதாக நுழைந்து பார்ப்பது. மற்றொன்று, தொலைவிலிருந்து வேலை செய்யும்போது முதலில் நடப்பு உள்ளமைவைச் சேமித்துவிட்டு, ரீலோட் இன் 10 என்று இட்டுத் தொடங்குவது. மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கமாகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாம் சரியென்றால் ரீலோட் கேன்சல் என்று நிறுத்திவிடலாம். மாற்றங்களைத் தொடங்கிய பிறகு இந்தக் கட்டளையை இட்டால், உள்ளமைவைச் சேமிக்கவா என்று சுவிட்ச் கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் பிழையான உள்ளமைவே சேமிக்கப்பட்டு, இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும். மறுதொடக்கத்தின்போது அந்தச் சுவிட்சில் உள்ள அனைவருக்கும் சில நிமிடங்கள் இணைப்பு இராது என்பதால் வேலைநேரம் பார்த்துச் செய்யுங்கள்.

கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்துப் பார்ப்பவரைத் தடுக்க, லாகின் பிளாக் ஃபார் 120 அட்டெம்ப்ட்ஸ் 3 விதின் 60 என்ற கட்டளை போதும்: 60 நொடிகளில் 3 முறை தவறினால் 120 நொடிகளுக்கு வாசல் மூடும். ஆனால் அந்த நேரத்தில் உங்களுக்கும் அது மூடியே இருக்கும். வேண்டுமென்றே தவறாக அடித்து நிர்வாகியை வெளியே நிறுத்தும் குறும்பைத் தவிர்க்க, லாகின் குவையட் மோட் அக்சஸ் கிளாஸ் கட்டளையில் அதே 10ஆம் பட்டியலைக் குறிப்பிட்டுவிடுங்கள். தோல்விகள் பதிவேட்டில் விழ லாகின் ஆன் ஃபெய்லியர் லாக் என்றும் இடுங்கள். பதிவில் நேரம் சரியாக இருக்க, கடிகாரத்தை வலைவழியே சரிசெய்யும் என்டிபியும் வேண்டும்.

ஏழாம் படி: கொல்லைப்புறக் கதவுகள்

முன்வாசலை இவ்வளவு பூட்டிவிட்டு வலைப்பக்க வாசலை மறந்துவிடக் கூடாது. நோ ஐபி எச்டிடிபி சர்வர், நோ ஐபி எச்டிடிபி செக்யூர் சர்வர் ஆகிய இரண்டும் அதை மூடும். 2023 அக்டோபரில், சிஸ்கோவின் ஐஓஎஸ் எக்ஸ்ஈ என்ற புதிய இயக்க மென்பொருள் கொண்ட கருவிகளில், கடவுச்சொல்லே தெரியாத ஒருவர் வலைப்பக்கம் வழியே முழு அதிகாரமுள்ள கணக்கை உருவாக்கிக்கொள்ளும் குறை வெளிப்பட்டது. 10க்கு 10 என்ற உச்சத் தீவிரம் அதற்குத் தரப்பட்டது. வலைப்பக்கத்தை அணைத்து வைத்திருந்தவர்களை அது தொடவில்லை.

அடுத்தது ஸ்மார்ட் இன்ஸ்டால். புதிய சுவிட்சுகளை ஆள் தொடாமல் அமைப்பதற்காக வந்த இந்த வசதி 4786ஆம் போர்ட்டில் (இது கேபிள் துளையல்ல, வலைச் சேவைக்கான எண்) எந்த அடையாளமும் கேட்காமல் காத்திருக்கும். 2018 ஏப்ரலில் இதைப் பயன்படுத்தியே பல நாடுகளில் சுவிட்சுகளின் உள்ளமைவு அழிக்கப்பட்டது. தங்கள் நாட்டில் மட்டும் 3,500 சுவிட்சுகள் பாதிக்கப்பட்டதாக ஈரான் அரசு தெரிவித்தது. நோ விஸ்டாக் என்ற இரண்டே சொற்கள் இதை அணைத்துவிடும்.

கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறையைப் பயன்படுத்தாவிட்டால் அதையும் நீக்கிவிடுங்கள். கண்காணிப்பு மென்பொருளுக்காகத் தேவையென்றால், கடவுச்சொல் போலப் பயன்படும் பப்ளிக், பிரைவேட் என்ற ஊரறிந்த சொற்களை எடுத்துவிட்டு, அடையாளமும் மறையாக்கமும் உள்ள மூன்றாம் பதிப்புக்கு மாறுங்கள்.

சுவிட்சுகள் பத்து இருபது என்று பெருகும்போது கணக்குகளை ஒவ்வொன்றிலும் எழுதுவது கட்டுப்படியாகாது. கணக்குகளை ஓரிடத்தில் வைத்துச் சரிபார்க்கும் டாகாக்ஸ் அல்லது ரேடியஸ் சர்வர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான ஏஏஏ நியூ மாடல் கட்டளையை இட்ட நொடியே விடிஒய் கம்பிகள் அனைத்தும் உள்ளூர்ப் பயனர்களைத் தேடத் தொடங்கும் என்பதால், கணக்கு ஒன்று முன்பே இருக்க வேண்டும். சர்வர் விழுந்தாலும் நுழையும்படி, நுழைவைச் சரிபார்க்கும் கட்டளையின் இறுதியில் லோக்கல் என்ற சொல்லைச் சேர்க்கவும் மறக்காதீர்கள்.

எட்டாம் படி: பெட்டியையே பூட்டுதல்

2960இன் முன்பக்கம் மோட் என்றொரு பொத்தான் இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் கொடுத்தால், உள்ளமைவுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கடவுச்சொல் இல்லாமல் நுழைந்துவிடலாம். மறந்துபோன நிர்வாகிக்காகத் தரப்பட்ட வழி இது. திருடருக்கும் அதே வழி. நோ சர்வீஸ் பாஸ்வேர்ட் ரெகவரி என்ற கட்டளை இந்த வழியைச் சுருக்கும். அதன் பிறகு பொத்தானை அழுத்தினால் உள்ளமைவு முழுவதும் அழிந்தால்தான் சுவிட்ச் கைக்கு வரும். உள்ளமைவின் நகல் வேறிடத்தில் இல்லாதவர்கள் இதைச் செய்யக் கூடாது. என்னைக் கேட்டால், ரேக்குக்கு ஒரு நல்ல பூட்டு வாங்குவதே முதல் செலவு. படிக்கட்டின் அடியில் துடைப்பத்தோடு சேர்த்து வைக்கப்பட்ட சுவிட்சுக்கு 9ஆம் வகைக் கடவுச்சொல் வைத்துப் பயனில்லை.

ஒன்பதாம் படி: சோதித்தல், சேமித்தல்

ஷோ ஐபி எஸ்எஸ்எச் என்று அடித்தால் பதிப்பு 2.0 என வர வேண்டும். ஷோ ரன்னிங் கான்ஃபிக்கில் இரு விடிஒய் பத்திகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று வரிவரியாகப் பாருங்கள். நிர்வாகியின் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் நுழைய வேண்டும். அதே கணினியிலிருந்து டெல்நெட் மறுக்கப்பட வேண்டும். வேறொரு மேசையில் உள்ள கணினியிலிருந்து இரண்டுமே மறுக்கப்பட வேண்டும். மூன்றாவது சோதனைக்காக எழுந்து அந்த மேசை வரை நடக்கத்தான் வேண்டும், இருந்த இடத்திலிருந்து ஊகித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றும் சரியென்றால், ரீலோட் நிலுவையில் இருப்பின் அதை நிறுத்தி, காப்பி ரன்னிங் கான்ஃபிக் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்று சேமியுங்கள். சேமிக்காமல் விட்டால் அடுத்த மின்தடையில் இத்தனை வேலையும் போய், சுவிட்ச் முந்தைய நிலையில் எழுந்திருக்கும். உள்ளமைவின் ஒரு நகலைக் கணினியில் எடுத்துக்கொண்ட பிறகு கன்சோல் கேபிளைக் கழற்றுங்கள்.